பெட்டி வந்தாச்சு, படை எப்போ?

மேசைப் போர் விளையாட்டு பற்றி வந்த கேள்விகளில் ஏறக்குறைய எல்லாமே, பொம்மை வீரர்களை ஒட்டி, வண்ணம் பூசி, பகடை உருட்டி ஆடும் வார்ஹாமர் 40,000 குறித்தவை. பதில்களும் அதை ஒட்டியே. கணக்குகள் 2023-இல் வந்த பத்தாம் பதிப்பின்படி.

கே: ஆளுக்கொரு படையின் பேரைச் சொல்கிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் எதை எடுக்கலாம்?

ப: எது ஜெயிக்கும் என்று கேட்டு எடுக்காதீர்கள். விளையாட்டைத் தயாரிக்கும் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் அவ்வப்போது ஒவ்வோர் அணியின் மதிப்புப் புள்ளிகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. இன்றைக்குக் கொடிகட்டிப் பறக்கும் படை, நீங்கள் வண்ணம் பூசி முடிப்பதற்குள் சாதாரணமாகிவிடும். பார்க்கப் பிடித்ததை எடுங்கள். ஆனால் எத்தனை பொம்மை பூச வேண்டிவரும் என்பதை மட்டும் முன்கூட்டியே எண்ணிவிடுங்கள். 2,000 புள்ளி மதிப்புள்ள படைக்கு ஆர்க், டிரானிட், அஸ்ட்ரா மிலிட்டாரம் என்றால் நூறைத் தாண்டுவது சகஜம். ஸ்பேஸ் மரைன் என்றால் ஏறக்குறைய அதில் பாதி. இம்பீரியல் நைட் என்றால் பெரிய இயந்திரம் நாலும் சிறியவை சிலவும் போதும்.

அப்படியானால் நைட்தான் சுலபம் என்று நினைக்க வேண்டாம். களத்தில் குறித்த இடங்களைப் பிடித்து வைத்திருப்பவருக்கே வெற்றிப் புள்ளி, அந்த இடங்களோ பெரும்பாலும் ஐந்து. இருக்கிற கொஞ்ச இயந்திரத்தில் ஒன்று விழுந்தாலே ஓர் இடம் அனாதை. தவிர, அகலமான தட்டைக் கவசத்தில் திட்டுத் தெரியாமல் பூசுவது பழகிய கைக்கே சோதனை. முதல் படைக்கு ஸ்பேஸ் மரைனைப் பலர் சொல்வது வெறும் வழக்கத்தால் அல்ல. உருவம் பெரிது, விளிம்புகள் தெளிவு, 3+ கவசம் (பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி தடுபடும்) என்பதால் ஓர் ஆளைத் தப்பான இடத்தில் நிறுத்தினாலும் உடனே போய்விட மாட்டார்.

கே: தள்ளுபடியில் ஒரே மாதிரி இரண்டு காம்பாட் பேட்ரோல் பெட்டி (ஒரு சிறு படைக்கான தொடக்கப் பெட்டி) கிடைக்கிறது. வாங்கிவிடலாமா?

ப: ஒன்று போதும். அந்தப் பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்து, புள்ளிக் கணக்கே பார்க்காமல் ஆட தனி விதி இருக்கிறது. களம் 44க்கு 30 அங்குலம்தான், சாப்பாட்டு மேசையே தாங்கும். அதே பெட்டியை இன்னொன்று வாங்கினால் அதே தலைவர், அதே படையணி, அதே குறை இரட்டிப்பாகும். அந்தக் குறை பெரும்பாலும் வண்டியை உடைக்கும் ஆயுதம்.

இது எவ்வளவு பெரிய குறை என்று பாருங்கள். ஐந்து இன்டர்செஸர்கள் (ஸ்பேஸ் மரைன் காலாட்கள்) போல்ட் ரைஃபிளால் 10 தரம் சுடுகிறார்கள். 3+ விழ வேண்டும், ஆறேழு படும். ஆயுதத்தின் பலம் 4, எதிரே நிற்கும் ரைனோ வண்டியின் உறுதி 9. பலம் பாதியைக்கூட எட்டாததால் 6 விழுந்தால்தான் காயம். அதிலும் பாதியைக் கவசம் தடுத்துவிடும். ஆக, வண்டியின் 10 உயிரில் போவது சராசரியாக அரை! அதே குறித்திறமை உள்ள ஒருவர் கையில் வண்டியை உடைக்கும் லாஸ்கேனன் இருந்தால் ஒரே சுடலில் சராசரி ஒன்றரைக்கு மேல் போகும். எனவே பெட்டிக்கு அடுத்த செலவு, உங்கள் படையில் லாஸ்கேனனுக்கு இணையாக எது உண்டோ அதற்கு. பிறகு வேகமாக ஓடி இடம் பிடிக்கும் சிறு அணி ஒன்று, பின்வரிசையில் காவல் நிற்க மலிவான அணி ஒன்று. 1,000 புள்ளி இப்படித்தான் நிறைய வேண்டும்.

புத்தகத்தை அவசரப்பட்டு வாங்காதீர்கள். புதிய பதிப்பு 2017, 2020, 2023 என்று வந்திருக்கிறது. அடிப்படை விதிகளும் புள்ளிப் பட்டியலும் இலவச பிடிஎஃப்.

கே: ஃபெவிக்விக் போட்டு ஒட்டிய கை, ஒரு தரம் கீழே விழுந்ததும் கழன்றுவிட்டது. ஒட்டிய துப்பாக்கி மறைப்பதால் மார்பில் பிரஷ்ஷும் நுழையவில்லை.

ப: ஃபெவிக்விக் வகைப் பசை ரெசினுக்கும் உலோகத்துக்கும் உரியது. இந்தப் பெட்டிகளில் இருப்பது பாலிஸ்டைரீன், அதற்குப் பிளாஸ்டிக் சிமென்ட். அது இரு பக்கத்தையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடும். மெல்லிய கோடு போதும், பிதுங்கினால் நுணுக்கங்கள் உருகும். வண்ணத்தின் மேல் ஒட்டாது என்பதால் ஒட்டுமிடத்தை முதலில் சுரண்டுங்கள். உறுப்புகள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டும்போது கட்டரை உறுப்பை ஒட்டி வைக்காமல், தள்ளி ஒரு வெட்டு, பிறகு நெருக்கி ஒரு வெட்டு. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் வெளுத்துக் குழி விழும். அச்சு வார்ப்பில் விழுந்த கோட்டைக் கத்தியின் முதுகால் வழித்துவிடுங்கள். உப்புத்தாள் தேய்த்தால் கீறல் வண்ணத்துக்கு அடியிலும் தெரியும்.

மார்பை மறைக்கும் கைகளைத் தனியே பூசிப் பிறகு ஒட்டலாம். எல்லாவற்றையும் அப்படிப் பிரிக்காதீர்கள். பிரிக்கப் பிரிக்க வேலை கூடும். பிரஷ் எட்டாத இடம் பார்வைக்கும் எட்டாது என்றால் விட்டுவிடலாம்.

கே: சென்னையில் ஸ்ப்ரே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்தேன். மணல் தூவியதுபோல் சொரசொரக்கிறது.

ப: தூரத்திலிருந்து அடித்திருப்பீர்கள், வெயிலிலும் இருக்கலாம். துளி பொம்மையைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து பொடியாக ஒட்டுகிறது. ஈரப்பதம் அதிகமானால் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கும். டப்பாவை இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், பொம்மைக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி சிறுசிறு வீச்சாக அடியுங்கள். மழைக்காலத்தில் ஸ்ப்ரேயை மூடிவைத்துவிட்டு பிரஷ்ஷால் பூசும் பிரைமர் வாங்குங்கள், வல்லேஹோ என்ற வண்ண நிறுவனத்திலேயே உண்டு.

லேசான சொரசொரப்பைப் பழைய பல்துலக்கியால் உலரத் தேய்த்தால் போய்விடும். போகாவிட்டால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துத் தேயுங்கள். பெயின்ட் தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பொம்மையே உருகும்.

கே: எத்தனை வண்ணம் வாங்க வேண்டும்?

ப: ஆறு. படையின் முதன்மை நிறம், கறுப்பு, ஒரு உலோக நிறம், ஒரு பழுப்பு, அழுத்தமான ஒரு எதிர்நிறம், பள்ளங்களில் இறங்கி நிழல் தரும் ஒரு வாஷ். 1ஆம் நம்பர் பிரஷ் ஒன்றே கண் வரை எழுதும், முனை கூராக இருந்தால். வண்ணத்தில் தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சு. டப்பாவிலிருந்து நேராக எடுத்தால் முகம் மூழ்கிவிடும். வாஷ் தட்டையான பரப்பில் குளம் கட்டினால், காயும் முன்பே ஈரப் பிரஷ்ஷால் உறிஞ்சிவிடுங்கள், காய்ந்தால் வட்டக் கறை நிற்கும். ஐந்தைந்தாக முடியுங்கள். இருபதை வரிசையாக வைத்தால் ஒரே நிறத்தைப் பூசியே அலுத்துப்போகும், பெட்டி பரணுக்குப் போகும். பொம்மை நிற்கும் வட்டத் தளத்தில் ஃபெவிக்கால் தடவி, சலித்த மணலைத் தூவி, விளிம்பைக் கறுப்பாக்கினால் அந்த ஐந்தும் முடிந்தது.

கே: நண்பர் 3டி பிரின்ட்டரில் அச்சிட்ட ரெசின் வீரர்களைச் சேர்க்கலாமா?

ப: வீட்டில் ஆட்சேபம் எழாது. கேம்ஸ் ஒர்க்‌ஷாப்பின் சொந்தக் கடைகளில் அவர்கள் தயாரிப்பு மட்டுமே செல்லும். தளத்தின் அளவு சரியாக இருக்கட்டும்: இன்டர்செஸருக்கு 32 மி.மீ., டெர்மினேட்டருக்கு 40. தூரம் அளப்பதே தளத்திலிருந்துதான். ரெசினைத் தேய்க்கும்போது முகக்கவசம் கட்டாயம்.