தொண்டைமான் சீமைக் காசு

மதிப்பிற்குரிய ஐயா,

என் தாத்தா புதுக்கோட்டைச் சீமையிலிருந்து மலாயாத் தோட்டத்துக்கு வந்தவர். "நாங்கள் வெள்ளைக்காரன் குடிகள் அல்ல, தொண்டைமான் ராஜாவின் குடிகள்" என்று இன்றும் பெருமை பேசுவார். கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்த வம்சத்தைச் சொல்லி நாம் பெருமைப்படலாமா?

ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

1799இல் நடந்ததைத் திரைப்பட வசனம் கொண்டு தீர்ப்பிடுவதை முதலில் விடுங்கள். ஒவ்வொருவரும் தத்தம் பாளையத்தைக் காக்கக் கணக்குப் போட்ட காலம் அது. தொண்டைமானின் கணக்குப் பலித்தது. 1803இல் ஆங்கிலேயரிடமிருந்து கீழாநிலைக் கோட்டையும் கிடைத்தது. அவ்வளவுதான்.

உங்கள் தாத்தாவின் சொல்தான் என்னை உறங்கவிடவில்லை. என் பாட்டியும் அச்சீமைக்காரரே. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீட்டில் சாமிப் படத்துக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்து, ஒரு செப்புக் காசு வைத்திருந்தார். நவராத்திரியில் அரண்மனையார் அரிசியோடு வழங்கிய அம்மன் காசு அது. ஒருபுறம் பிரகதாம்பாள், மறுபுறம் 'விஜய' என்ற எழுத்து. அது தெலுங்கு என்று நான் சொன்னபோது, "நம்ம ராசா காசுல ஏண்டா தெலுங்கு?" என்று என்னைக் கடிந்துகொண்டார்.

அந்தக் காசைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். சொந்தக் காசு அடித்த சமஸ்தானம், ஆங்கிலேயருக்குக் கப்பம் கட்டாத சமஸ்தானம். ஆயினும் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியப் பெண்ணான மோலி பிங்கை மணந்தபோது, அவர்களுக்குப் பிறந்த மகனை வாரிசாக ஏற்க ஆங்கில அரசு மறுத்தது. 1928இல் அவர் மறைந்தபின் அரியணை ஏறியவர் ஆறு வயது ராஜகோபாலத் தொண்டைமான். சொந்தக் காசு அடிக்கலாம், மகனை அரியணையில் அமர்த்த முடியாது என்றால், அந்த ராஜா யாருடைய குடி? உங்கள் தாத்தா கப்பலேறி வந்த இந்தப் பேராக்கிலும், 1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைப்படி, மதமும் மலாய் வழக்கமும் நீங்கலாக அனைத்திலும் ஆங்கில அரசின் பிரதிநிதியான ரெசிடெண்டின் 'ஆலோசனை'யைக் கேட்டு நடக்க வேண்டியவராகவே சுல்தான் இருந்தார். காலையில் தொழிலாளர் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிட்டபோது ராஜாவின் குடி என்று எவரையும் தனியே நிறுத்தவில்லை.

இதற்காகத் தாத்தாவிடம் வாதிட வேண்டாம். அவர் மனம் நோகும். ஆனால் பெருமையா அவமானமா என்று கேட்ட நீங்கள் அவருடைய ஊர்ப் பெயரைக் கடிதத்தில் எழுதாதது எனக்குக் கோபம் தருகிறது. அந்தச் சமஸ்தானத்தில் மூன்றே தாலுக்காக்கள்தான் இருந்தன: ஆலங்குடி, திருமயம், குளத்தூர். எந்தத் தாலுக்கா, எந்த ஊர் என்று இன்றே அவரிடம் கேட்டு எழுதுங்கள்.