ஹெல்மெட்டுக்கு முன்னால் மாஸ்க் வாங்குங்கள்

கேள்வி: வீட்டில் சின்னச் சின்ன வெல்டிங் வேலைகளை நானே செய்ய ஆரம்பித்திருக்கிறேன். மெஷினோடு கையில் பிடிக்கும் ஷீல்டு ஒன்று வந்தது. மிச்சமுள்ள பணத்தில் தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்க நினைக்கிறேன். போன வாரம் ஜி.ஐ. பைப்பில் ஒரு ஸ்டாண்டு செய்தேன். அன்று ராத்திரி நடுக்கத்தோடு காய்ச்சல் வந்து, மறுநாள் விட்டுவிட்டது. வேலைக்கு முன் பால் குடித்திருந்தால் வந்திருக்காது என்கிறார் அனுபவமுள்ள வெல்டர் ஒருவர். உண்மையா?

பதில்: பால் குடித்திருந்தாலும் வந்திருக்கும். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது.

ஜி.ஐ. பைப்பின் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. இரும்பு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். வெல்டிங் செய்யும்போது பஞ்சுத் துணுக்கு போல வெள்ளையாக ஏதோ மிதந்து சட்டைக் கையில் படிந்திருக்குமே, அதுதான் காற்றில் எரிந்த துத்தநாகம். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் ராத்திரியில், குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வரும். வழக்கமாக ஓரிரு நாளில் சரியாகிவிடும். ஆனால் எல்லாக் காய்ச்சலையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். காட்மியம் முலாம் பூசிய போல்ட்டைச் சூடாக்கினாலும் ஆரம்பம் இப்படித்தான் இருக்கும். அது நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுத்துவிடும். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு இறுக்கமாக இருந்தாலோ உடனே மருத்துவரிடம் போய், எந்த உலோகத்தில் வெல்டிங் செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

அதனால், பணம் குறைவாக இருந்தால் முதலில் மாஸ்க் வாங்குங்கள் என்பேன். ஷீல்டில் உங்கள் ஆம்பியருக்கு ஏற்ற கண்ணாடி இருந்தால் கண்ணுக்கு அது போதும். 60 முதல் 160 ஆம்பியர் வரையிலான ராடு வெல்டிங்குக்கு 10-ஆம் எண் கண்ணாடி (எண் கூடக் கூடக் கறுப்பும் கூடும்) சரியாக இருக்கும். மூக்குக்குத்தான் உங்களிடம் ஒன்றுமே இல்லை. வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் உறுதியாக வகைப்படுத்தியது. அது சாதாரண இரும்பின் புகையையும் சேர்த்துத்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் குரோமியமும் நிக்கலும் சேர்ந்து இன்னும் மோசம்.

கைக்குட்டையும் துணி மாஸ்க்கும் இதற்கு உதவாது. புகைத் துகளில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானைவிடச் சின்னவை. குறைந்தது என்95 அல்லது எஃப்எஃப்பி2 தர மாஸ்க் வேண்டும். அடிக்கடி வேலை செய்வீர்கள் என்றால் அதைவிட உயர்ந்த பி100 அல்லது பி3 தர ஃபில்டர் மாட்டும் ரப்பர் மாஸ்க்கே நல்லது. தட்டையான வட்ட ஃபில்டராகப் பார்த்து வாங்குங்கள். பக்கவாட்டில் துருத்திக்கொண்டு நிற்பது ஹெல்மெட்டுக்குள் அடங்காது. மாட்டியதும் இரண்டு ஃபில்டரையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழுங்கள். மாஸ்க் முகத்தோடு ஒட்டிக்கொண்டால் சரி. காற்று கசிந்தால் பட்டையை இறுக்குங்கள், இல்லாவிட்டால் அளவை மாற்றுங்கள். தாடி இருந்தால் எவ்வளவு விலை கொடுத்த மாஸ்க்கானாலும் கசியும்.

அப்புறம், ஜி.ஐ. பூச்சை மூட்டு வரும் இடத்தில் இருபுறமும் ஓரிரு அங்குலம் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். பைப்பின் உள்பக்கம் பூச்சு அப்படியே இருக்கும் என்பதால் மாஸ்க்கைக் கழற்ற முடியாது. புகை மேலே எழும் வழியில் தலையை நீட்டாமல், பக்கவாட்டில் உட்கார்ந்து வேலை செய்யுங்கள்.

கேள்வி: விலை குறைந்த தானியங்கி ஹெல்மெட் கறுக்கத் தாமதித்தால் கண் போய்விடுமா?

பதில்: புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு கண்ணாடியில் நிரந்தரமாக இருக்க வேண்டும்; கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் அது வேலை செய்யும். தாமதமானால் கண் கூச்சமும் கண் அசதியும்தான் வரும். ஆபத்து, அந்தப் பூச்சே ஒழுங்காக இல்லாத போலிகளில்தான். அதனால் இஎன்379 அல்லது இஸட்87.1 என்ற பாதுகாப்புத் தரக் குறி அட்டைப் பெட்டியில் மட்டுமல்லாமல் கண்ணாடியிலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். கடையில் லைட்டரைத் தட்டிக் காட்டுவார்கள். அதில் சென்சார் வேலை செய்வது தெரியும், பூச்சைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூலைகளில் குனிந்து வேலை செய்பவர்கள் நான்கு சென்சார் உள்ளதை வாங்குங்கள். இரண்டே இருந்தால் கையோ பைப்போ மறைத்துவிடும்.

வெறுங்கண்ணால் ஆர்க்கை, அதாவது ராடு நுனியில் எரியும் மின்சுடரை, பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும், நீர் கொட்டும், விளக்கைப் பார்க்க முடியாது. பக்கத்தில் வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அவர்களை உள்ளே அனுப்பிவிட்டு ராடைத் தொடுங்கள்.

கேள்வி: எண்ணெய்ப் பிசுக்கைப் பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டிங் செய்யலாமா?

பதில்: வேண்டாம். குளோரின் கலந்த கிளீனராக இருந்தால், ஆர்க்கின் வெப்பத்திலும் ஒளியிலும் அது ஃபாஸ்ஜீன் என்ற விஷவாயுவாக மாறும். மேலே சொன்ன ஃபில்டர்கள் துகளைத்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும். சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய விடுங்கள். அந்த டப்பாவை வெல்டிங் நடக்கும் அறையிலேயே வைக்காதீர்கள்.