பார்வை இழந்த அப்பாவுக்கு எந்தக் கைப்பேசி?

கேள்வி: சர்க்கரை நோயால் என் தந்தை பார்வையை ஏறத்தாழ முழுவதும் இழந்துவிட்டார். பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேச முடியாமல் போனதுதான் அவருடைய பெரிய வருத்தம். ‘பார்வையற்றோருக்கான மென்பொருள்’ ஏற்றித் தருவதாகக் கூறி, கைப்பேசியின் விலைக்கு மேல் 4,000 ரூபாய் கேட்கிறார் ஒரு கடைக்காரர். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கொடுக்க வேண்டாம். திரையில் உள்ளதை வாய்விட்டுப் படிக்கும் வசதி, பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘டாக்பேக்’ என்ற பெயரிலும், ஐபோன்களில் 2009 முதலே ‘வாய்ஸ்ஓவர்’ என்ற பெயரிலும் இலவசமாக உள்ளது. கைப்பேசியின் அமைப்புகளில் (செட்டிங்ஸ்) ‘அணுகல்தன்மை’ (ஆக்சஸிபிலிட்டி) என்னும் பகுதிக்குச் சென்று அதை இயக்கினால் போதும். தனியே பணம் கேட்பவரிடம், அது எதற்கு என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அந்தப் பணத்தைக் கைப்பேசியின் வேகத்துக்குச் செலவிடுவது மேல். திறன் குறைந்த கைப்பேசிகளில் விரல் நகர்ந்து வெகுநேரம் கழித்தே குரல் வருவதால், திரையில் எங்கே இருக்கிறோம் என்று புரியாமல் அவர் சலித்துப்போவார். ஆகவே 6 ஜிபி ரேம் (வேகத்துக்கு உதவும் நினைவகம்) உள்ளதாகப் பார்த்து, வாங்குவதற்கு முன் கடையிலேயே டாக்பேக்கை இயக்கி, தமிழ்க் குரலைத் தரவிறக்கி, ஒரு தமிழ்ச் செய்தியைப் படிக்கவைத்துக் கேளுங்கள். அப்பாவையும் அழைத்துச் செல்லுங்கள், பயன்படுத்தப்போகிறவர் அவர்தான். கைரேகை உணரி திரைக்குள் இருப்பதைவிடப் பக்கவாட்டுப் பொத்தானில் இருந்தால், தடவிக் கண்டுபிடிப்பது எளிது. டாக்பேக் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் அந்த இடத்தின் பெயரைச் சொல்லும், இருமுறை தட்டினால்தான் திறக்கும் என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்திருப்பது நல்லது. இல்லையென்றால் கைப்பேசி பழுதாகிவிட்டது என்று பதறுவார்கள்.

நண்பர்களிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கும். தட்டச்சு செய்த செய்தியை டாக்பேக் தெளிவாகப் படிக்கும். படமாக வரும் திருமண அழைப்பிதழில் உள்ள தமிழை அது படித்துவிடும் என்று நம்பியிருக்க முடியாது. நாளையும் மண்டபத்தையும் தட்டச்சு செய்தோ குரல் பதிவாகவோ அனுப்பச் சொல்லுங்கள். (காலை வணக்கப் படங்கள் தவறிப்போவதில் பெரிய நட்டமில்லை.)

தமிழக அரசும் தகுதியுள்ள பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குச் செயலியுடன் கூடிய திறன்பேசியை வழங்குகிறது. நிபந்தனைகள் உண்டு என்பதால், முதலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். கடைக்காரரிடம் முன்பணம் ஏதும் கொடுத்துவிட்டு அவர் திருப்பித் தர மறுத்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகார் செய்யலாம்.