சுட்ட .223 பித்தளைத் தோட்டாக்கூடுகள் கழுவியபின் இளஞ்சிவப்பாக வருகின்றன. பிராஸோ போட்டுத் தேய்க்கலாமா?

கேட்டவர் டெக்சஸில் இருக்கிறார். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பொறுக்கிய .223 ரெமிங்டன் கூடுகளை, மறுபடி நிரப்பிச் சுடுவதற்காக, ஸ்டீல் ஊசி, பாத்திர சோப்பு, ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலம் சேர்த்து எட்டு மணி நேரம் டம்ப்ளரில் (உருட்டிக் கழுவும் பீப்பாய்க் கருவியில்) ஓடவிட்டிருக்கிறார். எடுத்துப் பார்த்தால் இளஞ்சிவப்பு நிறம்.

முதலில் பிராஸோ: வேண்டாம், ஒரு சொட்டுகூட. அதில் அம்மோனியா இருக்கிறது. இழுத்து வடிவமைத்த பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். அம்மோனியா பட்டால் அந்த இடங்களில் உலோகம் மெல்ல விரிசல் விடும். இது நம் நாட்டிலேயே நடந்து பெயர் பெற்ற விஷயம். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படை மழைக்காலம் முடியும்வரை தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்தது. பருவம் முடிந்து எடுத்தபோது பல கூடுகள் விரிசல் விட்டிருந்தன. அதனால்தான் ‘சீசன் கிராக்கிங்’ என்ற பெயர். குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் விளக்கப்பட்டது. விளக்குக்கும் குடத்துக்கும் பிராஸோ போடலாம், சுடும்போது பெரும் அழுத்தத்தைத் தாங்கவேண்டிய கூட்டுக்குக் கூடாது. உலர உருட்டும் தூளில் கார் பாலிஷ் சேர்ப்பதானாலும் அம்மோனியா இல்லாததா என்று புட்டியில் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இனி நிறம். தோட்டாக்கூட்டின் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அமிலம் அளவுக்கு மிஞ்சினாலோ நேரம் நீண்டாலோ மேற்பரப்பில் இருக்கும் துத்தநாகம் முதலில் கரையும், செம்பு மிஞ்சும். புளி பூசிய குத்துவிளக்கைத் தேய்க்காமல் அப்படியே விட்டுவைத்தால் சிவந்து போகிறதே, அதே கதைதான். மெல்லிய நிறமாற்றம் மட்டும் என்றால் கூடு கெடவில்லை. வால்நட் ஓட்டுத் தூளில் ஒரு மணி நேரம் உலர உருட்டினால் பெரும்பாலும் போய்விடும். போகாமல் மேற்பரப்பு சொரசொரப்பாகவோ குழிகுழியாகவோ இருந்தால் பழைய உலோகத்தோடு போட்டுவிடுங்கள்.

15 பவுண்டு கொள்ளளவுள்ள உருளை டம்ப்ளருக்குச் சரியாக வரும் அளவு இது: ஊசி 5 பவுண்டு, கூடு 2 பவுண்டு, தண்ணீர் ஒரு கேலன், பாத்திர சோப்பு ஒரு மேசைக்கரண்டி, சிட்ரிக் அமிலம் கால் டீஸ்பூன். ஆம், கால் டீஸ்பூன்தான். அமிலத்தின் வேலை கறையைத் தளர்த்துவதும் கடின நீரின் திட்டுகளைத் தடுப்பதும் மட்டுமே. தேய்ப்பது ஊசியின் வேலை. இரண்டு அல்லது மூன்று மணி நேரம் போதும். அதற்கு மேல் ஓடினால் கூடுகள் ஒன்றோடொன்று மோதி வாய்விளிம்பு நசுங்கித் தடிக்கும். பீப்பாயில் கூடு குறைவாக இருந்தால் இது இன்னும் மோசம், விழுந்து மோத இடம் அதிகமாகிவிடும்.

உருட்டுவதற்கு முன் பிரைமரை, அதாவது கூட்டின் அடியிலுள்ள தீமூட்டியை, தட்டி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரைமர் குழி அழுக்காகவே இருக்கும், ஈரமும் அங்கே தங்கும். இதற்கு அளவு மாற்றாத, பிரைமரை மட்டும் தள்ளும் டை (கூட்டை நுழைத்து அழுத்தும் அச்சு) தனியாகக் கிடைக்கிறது. மண்ணும் கரியும் ஒட்டிய கூட்டை, சுட்டு விரிந்ததைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அளவு டையில் விட்டால் டையின் உள்சுவர் கீறும். பொறுக்கிய குவியலில் வெடிக்காத தோட்டா ஏதும் கலந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். காந்தம் வைத்து எஃகுக் கூடுகளைப் பிரித்தெடுங்கள். உள்ளே வெளிச்சம் அடித்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு சிறு துளை தெரிகிறதா? அது பெர்டான் வகை. தள்ளினால் டையின் ஊசிதான் முறியும்.

கழுவியபின் இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசி, ஊசிகளைப் பிரித்தெடுங்கள். ஒவ்வொரு கூட்டையும் அடிப்பக்கமாகப் பார்ப்பது அவசியம்: பிரைமரின் தீ உள்ளே போகும், 2 மி.மீ. அளவேயுள்ள தீத்துளையில் இரண்டு ஊசி சேர்ந்து இறுகிக்கொள்ளும். காயவைக்க வெயில் போதும். பழம் உலர்த்தும் கருவி இன்னும் நல்லது, ஆனால் அதில் பிறகு உணவு வைக்கக் கூடாது. எந்த வழியானாலும் 90 டிகிரி செல்சியஸைத் தாண்டவேண்டாம். கூட்டின் அடிப்பாகம் கடினமாக இருக்கவேண்டும். பலத்த சூட்டில் அது இளகிவிட்டால் கூடு ஆபத்தானது. குழியில் ஒரு சொட்டு நீர் மிஞ்சினாலும் பிரைமர் நமத்துப்போகும்.

பிரைமரில் ஈயச் சேர்மம் இருக்கிறது. கரியிலும் உலர் தூளிலும் அது கலந்திருக்கும். உலர உருட்டுவதானால் வீட்டுக்கு வெளியே, மூடியோடு, முகக்கவசம் போட்டுச் செய்யுங்கள். ஈரமுறையின் உண்மையான நன்மை தூசி பறக்காததுதான். கழுவிய நீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள், சமையலறைத் தொட்டியில் அலசாதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பளபளப்பு குண்டைத் துல்லியமாக அனுப்பாது. கூட்டைச் சுத்தம் செய்வது பழுதைக் கண்ணால் பார்ப்பதற்காக. அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுற்றிலும் பளிச்சென்ற கோடு தெரிந்தால், நுனி வளைத்த பேப்பர் கிளிப்பை உள்ளே விட்டுச் சுவரை வருடுங்கள். பள்ளத்தில் தட்டினால் அடுத்த முறை சுடும்போது கூடு இரண்டாகப் பிரியும். உடனே நசுக்கி எறியுங்கள். அளவு மாற்றும்போது, கூடு வாய்ப்பக்கம் ஒடுங்கும் தோள்பகுதியை அளவுக்கு மேல் பின்தள்ளுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். போல்ட்டைக் கையால் இழுத்துச் சுடும் துப்பாக்கிக்கு 0.002 அங்குலம் பின்தள்ளினால் போதும்.

நீளத்தை அளவு மாற்றியபின்தான் அளக்கவேண்டும், ஏனென்றால் டையில் கூடு நீள்கிறது. .223க்கு உச்சம் 1.760 அங்குலம், வெட்டவேண்டியது 1.750. வெட்டியதும் வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்குங்கள். ராணுவக் கூடாக இருந்தால் பிரைமரைச் சுற்றி அமுக்கிய வளையம் இருக்கும். அதைச் சீவியோ அமுக்கியோ எடுக்காமல் புதுப் பிரைமரை வலுக்கட்டாயமாக நுழைக்காதீர்கள்.

இதெல்லாம் அமெரிக்கச் சூழலுக்கு. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம்.