புருனேக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரிலிருந்து புருனே போய், வெள்ளிக்கிழமை ஒரு பகல் மட்டும் இருக்கப் போகிறோம். சுல்தான் அரண்மனை, பள்ளிவாசல், மிதக்கும் கிராமம் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா? போய்வந்த நண்பர், “ஊரே அடைத்துக் கிடந்தது, பார்க்க ஒன்றுமில்லை” என்கிறார்.

பதில்: நண்பர் போனதும் வெள்ளிக்கிழமையாகத்தான் இருக்கும். அன்று பகல் 12 முதல் 2 மணி வரை ஜும்ஆ தொழுகைக்காகக் கடை, உணவகம் எல்லாம் மூடியாக வேண்டும். அரசு அலுவலகங்களுக்கு வெள்ளியும் ஞாயிறும் விடுமுறை; சனி வேலைநாள். பயணத்தை ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். ரமலான் மாதமும் வேண்டாம். பகலில் உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம்தான்.

அரண்மனையைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 1,788 அறைகள் கொண்ட இஸ்தானா நூருல் ஈமான் பொதுமக்களுக்குத் திறப்பது நோன்புப் பெருநாளை ஒட்டி மூன்று நாள் மட்டுமே. மற்ற நாளில் வாடகைக் கார் பிடித்துப் போனால் வெளிக்கதவோடு திரும்ப வேண்டியதுதான். ஆற்றில் படகில் போகும்போதே அதன் தங்கக் குவிமாடம் தெரியும்.

காலையில் முதல் வேலையாக உமர் அலி சைஃபுத்தீன் பள்ளிவாசல். 1958இல் கட்டி முடித்தது. முஸ்லிம் அல்லாதவர்களைத் தொழுகை இல்லாத நேரத்தில்தான் உள்ளே விடுவார்கள். லுஹர் எனும் நண்பகல் தொழுகைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். செருப்பைக் கழற்றி, வாசலில் தரும் அங்கியைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து கம்போங் ஆயர். நீங்கள் மிதக்கும் கிராமம் என்றது இதைத்தான், ஆனால் அது மிதப்பதில்லை. ஆற்றில் ஊன்றிய கால்கள்மேல் நிற்கிற ஊர்; கடலோடி மெகல்லனின் கப்பல்களில் வந்த இத்தாலியப் பயணி பிகஃபெட்டா 1521லேயே அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம், தீயணைப்பு நிலையம், பள்ளிவாசல் எல்லாம் தண்ணீர்மேலேயே. நகரத் துறையிலிருந்து அக்கரைக்குப் படகில் ஒரு புருனே டாலர். சிங்கப்பூர் நோட்டே செல்லும், இரண்டும் சம மதிப்பு. நீர் வற்றும் நேரத்தில் படகு படிக்கட்டுக்கு வெகு கீழே நிற்கும். விளிம்பை மிதித்தால் படகு சாயும். நடுப்பலகையில் கால் வைத்து உடனே உட்காருங்கள். மரப்பாலங்களில் சில பலகைகள் உளுத்திருக்கும், ஆணி வரிசைமேலேயே நடந்தால் கீழே குறுக்குச்சட்டம் தாங்கும். உங்கள் நண்பர் தவறவிட்டது இந்த ஊரைத்தான். இதற்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள்.

மதியம் அம்புயாத் சாப்பிடுங்கள். சாகோ பனையின் மாவில் கொதிநீர் ஊற்றிக் கிண்டிய பசை. (நம் ஜவ்வரிசி மரவள்ளியில் செய்வது, இது அசல் சாகோ.) அதற்குத் தனிச் சுவை கிடையாது, புளிப்பும் காரமுமான குழம்பில்தான் எல்லாம் இருக்கிறது. இரட்டை மூங்கில் குச்சியில் சுற்றி எடுத்து, குழம்பில் முக்கி, மெல்லாமல் விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். ஆறினால் இறுகிவிடும், சூட்டோடு முடியுங்கள்.

வெயில் தாழ, நாலரை மணி வாக்கில் மறுபடி படகு. நீள்மூக்குக் குரங்குகள் ஆற்றோர மரங்களுக்கு வருவது அப்போதுதான். நண்பகலில் போனால் இலைதான் தெரியும். கட்டணத்தை ஏறுமுன்பே பேசிவிடுங்கள், எஞ்சினை நிறுத்தி நிற்கச் சொல்லுங்கள். பேருந்து சாயங்காலத்தோடு நின்றுவிடும், வாடகைக் காரும் குறைவு. விமான நிலையத்துக்கான வண்டியைக் காலையிலேயே சொல்லி வையுங்கள்.