வலிப்பும் கூடுதல் மாத்திரையும்: வாசகர் கேள்விகள்

மகனுக்கு 19 வயது. வால்ப்ரோவேட்டோடு லாமோட்ரிஜின் சேர்த்திருக்கிறார்கள், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் 25 மில்லிகிராம்தான். இந்த அளவு எப்படிக் கேட்கும்? (பாலக்கோடு)

இப்போதைக்குக் கேட்காது, கேட்கவும் வேண்டாம். வால்ப்ரோவேட் இருந்தால் லாமோட்ரிஜின் உடம்பில் இரண்டு மடங்கு நேரம் தங்கும். அவசரமாக ஏற்றினால் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒன்றரை, இரண்டு மாதம் பொறுங்கள். தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தம்பிக்கு ஃபிட்ஸ். மூன்று மாத்திரை சாப்பிட்டும் நிற்கவில்லை. நல்ல மாத்திரை ஒன்று சொல்லவும். (ஊர் எழுதவில்லை)

எந்த மூன்று? எத்தனை மில்லிகிராம்? தம்பிக்கு வயது பத்தா, நாற்பதா? அட்டையைப் பார்த்து எழுத இரண்டு நிமிடம் ஆகுமா? எழுதி அனுப்புங்கள், பிறகு பேசலாம்.

லெவடிராசிட்டம் சேர்த்ததிலிருந்து கணவர் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறார். (காவேரிப்பட்டணம்)

அந்த மருந்துக்கு அந்தக் குணம் உண்டு. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்; அளவைக் குறைப்பார், அல்லது மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்கு 27 வயது. எட்டு வருடமாகக் கார்பமசெபைன், கிளோபசாம், லெவடிராசிட்டம். மாதம் மூன்று நான்கு முறை நினைவு தப்புகிறது. நான்காவதாக லாகோசமைடு சேர்க்கலாம் என்கிறார்கள். பலன் இருக்குமா? (ஊத்தங்கரை)

இதே கடிதம் வருடா வருடம் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வருகிறது. லாகோசமைடு நல்ல மருந்துதான். ஆனால் அதுவும் கார்பமசெபைனும் மூளையில் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்பவை. இரண்டும் முழு அளவில் சேர்ந்தால் தலை சுற்றும், ஒன்று இரண்டாகத் தெரியும். பழையதைக் கொஞ்சம் குறைக்க வேண்டுமா என்று கேளுங்கள்.

என் கோபம் அதில் இல்லை. பொருத்தமான இரண்டு மருந்துகளைச் சரியான அளவில் கொடுத்தும் நிற்காவிட்டால் அது மருந்துக்கு அடங்காத வலிப்பு. சர்வதேச வலிப்பு எதிர்ப்புக் கழகம் 2010-லேயே சொன்ன கணக்கு இது. முதல் மாத்திரையில் பாதிப் பேருக்கு நின்றுவிடும். இரண்டாவதில் இன்னும் பத்தில் ஒருவருக்கு. அதற்குமேல் எத்தனை சேர்த்தாலும் முழுக்க நிற்பது நூற்றில் நாலைந்து பேருக்குத்தான். வருகிற தடவைகள் குறையும். அதுவும் லாபம்தான், மறுக்கவில்லை. அதற்காக எட்டு வருடம் மாத்திரையை அடுக்கிக்கொண்டே போவதா? வலிப்பு வரும்போது உடம்பு அசைவையும் மூளையின் மின்னோட்டத்தையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இ.இ.ஜி. எடுத்தீர்களா, வலிப்புக்கென்றே எடுக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்தீர்களா என்று ஒருவராவது உங்களைக் கேட்டார்களா?

அறுவை சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது. காதுக்கு மேலே இருக்கும் மூளைப் பகுதியான டெம்போரல் லோபில் கிளம்பும் வலிப்புக்குப் பல நேரம் பொருந்தும். கனடாவில் நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வில், அறுவைக்கு அனுப்பியவர்களில் பத்துக்கு ஆறு பேர் ஒரு வருடத்துக்குப் பிறகு நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தார்கள். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் பத்தில் ஒருவர்கூட இல்லை. மூளை, நரம்பு நோய்களுக்கான பெங்களூர் நிமான்ஸ் மருத்துவமனை கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர்தான். ஓசூர்த் தக்காளி தினமும் போகிற ஊர். நீங்களும் ஒருமுறை போய்க் கேளுங்கள். வலிப்பு வரும்போது வீட்டில் யாரையாவது செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், வந்த தேதிகளைக் காலண்டரில் குறித்து எடுத்துப் போங்கள். அதுவரை அந்த மூன்றையும், திரும்பவும் சொல்கிறேன், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

டோபிரமேட் சாப்பிடுகிறேன். மாந்தோப்பில் வெயில் வேலை. பரவாயில்லையா? (போச்சம்பள்ளி)

தண்ணீர் நிறையக் குடியுங்கள், சிறுநீரகக் கல் வரக்கூடிய மருந்து. வியர்வையும் குறையலாம், உச்சி வெயிலில் நிழலுக்கு வந்துவிடுங்கள். மரம் ஏறவே கூடாது.

இரண்டு மருந்தில் வலிப்பு கட்டுக்குள் இருக்கிறது. ஊரில் பாரதக் கூத்து, விடிய விடியப் பார்க்கலாமா? (பென்னாகரம்)

கூடாது. தூக்கம் கெட்டால் எத்தனை மருந்தும் தாங்காது. ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்குங்கள். துரியோதனன் படுகளம் பகலில்தான், அதற்குப் போய் வாருங்கள்.