ஷாட்கன்னுக்கு விளக்கு: லூமெனைப் பார்க்குமுன் ஸ்விட்ச்சைப் பாருங்கள்

அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்கு ஷாட்கன் வைத்திருக்கும் வாசகர்களின் கேள்விகள் இவை. ரெமிங்டன் 870, மாஸ்பர்க் 500 இரண்டைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள் என்பதால், பதில்களும் 12 கேஜ் (குழல் அகலத்தின் அளவு) பம்ப் ஷாட்கன்னை, அதாவது குழலுக்கு அடியிலுள்ள முன்பிடியைக் கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையை வைத்தே.

கடையில் 500 லூமென் முதல் 2000 லூமென் வரை இருக்கிறது. எதை வாங்குவது?

வீட்டுக்குள் 500 முதல் 1000 வரை எது இருந்தாலும் போதும். லூமென் என்பது விளக்கு மொத்தமாகக் கொட்டும் ஒளி. அது எவ்வளவு குவிந்து போகிறது என்பதைக் கேண்டிலா சொல்லும். கேண்டிலாவைத் தூரத்தின் வர்க்கத்தால் (மீட்டர் கணக்கில்) வகுத்தால், அந்த இடத்தில் எத்தனை லக்ஸ் விழும் என்பது கிடைத்துவிடும். ஸ்ட்ரீம்லைட் நிறுவனத்தின் டிஎல்-ராக்கர் விளக்கு 1000 லூமென், 20,000 கேண்டிலா. ஐந்து மீட்டரில் 800 லக்ஸ். நல்ல வெளிச்சமுள்ள ஆபீஸ் மேஜை மேலேயே 500 லக்ஸ் அளவுதான் விழும். வெறும் 5,000 கேண்டிலா விளக்குகூட அதே தூரத்தில் 200 லக்ஸ் தரும். எதிரே நிற்பது யார், கையில் என்ன என்று பார்க்க அது தாராளம்.

பெட்டியில் போட்டிருக்கும் '283 மீட்டர்' மாதிரி எண்களில் மயங்க வேண்டாம். வெளிச்சம் 0.25 லக்ஸாகத் தேயும் தூரம் அது. கிட்டத்தட்ட நிலா வெளிச்சம். உங்கள் ஹால் அவ்வளவு நீளமில்லை. வெள்ளைச் சுவருக்கு ஓரடி தள்ளி நின்று 1000 லூமெனை அடித்தால் உங்கள் கண்தான் கூசும். அதற்காகச் சின்ன விளக்குக்கு இறங்க வேண்டியதில்லை, சுவரை ஒட்டி நிற்காதீர்கள்.

என்னிடம் கைத்துப்பாக்கி விளக்கு ஒன்று சும்மா கிடக்கிறது. மேகசின் குழாயில் (குழலுக்கு அடியில் தோட்டாக்கள் இருக்கும் குழாய்) கிளாம்ப் போட்டு மாட்டிவிடலாமா?

மாட்டலாம், மலிவும்கூட. சிக்கல் ஸ்விட்ச்சில். பம்ப் துப்பாக்கியில் இடது கை முன்பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் போகிறது. குழாயில் மாட்டிய விளக்கோ நின்ற இடத்திலேயே நிற்கும். முன்பிடி முன்னால் இருக்கும்போது கட்டைவிரலுக்கு எட்டும் ஸ்விட்ச், பின்னால் இழுத்ததும் எட்டாது. சிலர் வயர் வைத்த ஸ்விட்ச் பட்டையை முன்பிடியில் ஒட்டி, வயரைத் தொங்கவிடுகிறார்கள். இழுக்கும்போதெல்லாம் அந்த வயர் வளைந்து நிமிர்ந்து, ஒருநாள் எதிலாவது மாட்டி அறுந்துபோகும்.

இன்னொன்று: 18.5 அங்குலக் குழல் கொண்ட மாஸ்பர்க் 500-ல் மேகசின் குழாய் குழல் வளையத்தோடு முடிந்துவிடுகிறது. கிளாம்ப் போட இடமே இருக்காது. மாஸ்பர்கின் இன்னொரு மாடலான 590-லும், நீட்டிப்புக் குழாய் போட்ட 870-லும் இடம் உண்டு. அங்கேயும் பலம்கொண்ட மட்டும் முறுக்கக் கூடாது. குழாய் லேசாக நசுங்கினாலே உள்ளே தோட்டாக்களைத் தள்ளும் ஃபாலோயர் சிக்கி, அடுத்த தோட்டா வராது.

ஆகவே பம்ப்புக்கு என் சிபாரிசு, முன்பிடியிலேயே விளக்கு அடங்கியது. ஷ்யூர்ஃபயரின் முன்பிடி விளக்கு, டிஎல்-ராக்கர் இரண்டுமே அப்படித்தான்: கை எங்கே போனாலும் ஸ்விட்ச் கூடவே போகும். விலை கடிக்கிறது என்றால், எம்-லாக் துளை (துணைக் கருவிகளைத் திருகி மாட்டும் நீள்துளை) உள்ள மேக்புல் நிறுவன முன்பிடியில் சின்ன ரயில் துண்டைத் திருகி, பழைய விளக்கை அதில் மாட்டுங்கள். அழுத்திப் பிடித்திருக்கும்வரை எரிந்து, விட்டால் அணையும் ஸ்விட்ச்தான் வேண்டும். தட்டினால் எரிந்துகொண்டே இருப்பதை மட்டும் நம்பினால், அவசரத்தில் அணைக்கத் தெரியாமல் திண்டாடுவீர்கள். சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் ஆட்டோலோடர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. அதில் முன்பிடி நகராது.

870-ல் பழைய முன்பிடியை எப்படிக் கழற்றுவது? நானே செய்யலாமா?

செய்யலாம், அரை மணி நேர வேலை. முதலில் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிடுங்கள். சேம்பரையும் (சுடும் தோட்டா உட்காரும் இடம்) மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலை விட்டும் சோதியுங்கள்.

முன்பிடியைப் பாதி பின்னால் இழுத்து, மேகசின் மூடியைத் திருகி எடுத்து, குழலை முன்பக்கமாக உருவுங்கள். ரிசீவரின் (துப்பாக்கியின் நடு உடல்) அடிப்பக்கம் வழியாக விரலை விட்டு, இடதுபக்கத் தோட்டாத் தடுப்பை உள்சுவரோடு அழுத்திப் பிடித்தால் முன்பிடி முன்னால் வழுக்கி வெளியே வரும். சேம்பரை மூடிப் பூட்டும் போல்ட்டும் அதன் அடியிலிருக்கும் ஸ்லைடும் கூடவே வரும். அவை ஆக்‌ஷன் பார்களில் (முன்பிடியோடு சேர்ந்த இரண்டு கம்பிகள்) சும்மா உட்கார்ந்திருப்பவை, தரையில் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

முன்பிடியின் முன்வாயில் வளைய நட்டு ஒன்று தெரியும். அதற்கென்று இரண்டு பல் வைத்த ஸ்பேனர் விற்கிறது, வாங்கிவிடுங்கள். மூக்குக் குறடு வைத்துத் திருகினால் வழுக்கி, நட்டின் வாயைக் கடித்துத் தின்றுவிடும். நட்டு வந்ததும் பழைய முன்பிடியை உருவிப் புதியதைச் செருகி, நட்டை இறுக்குங்கள். கோக்கும்போது வலதுபக்கத் தடுப்பை முதலில் அழுத்திவிட்டு, பார்கள் உள்ளே போனபின் இடதை அழுத்த வேண்டும்.

கடைசியாக டம்மி தோட்டாக்களைப் போட்டு இழுத்துப் பாருங்கள். முன்பிடி முழுக்கப் பின்னால் வரவில்லையென்றால் காலித் தோட்டா வெளியே விழாது. ரிசீவர் பக்கத்தில் தோட்டாப் பட்டை மாட்டியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும், நீளமான முன்பிடி அதில் போய் இடிக்கும். முழுக்க முன்னால் போகவில்லையென்றால் போல்ட் பூட்டாது, சுடாது.

மாஸ்பர்க் 500-க்குப் புது முன்பிடி வாங்கினேன். நட்டு பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

ஆக்‌ஷன் குழாயின் (முன்பிடியைச் செருகும் குழாய்) நீளம் வேறு. 500-ல் 6¾ அங்குலம், 7¾ அங்குலம் என்று இரண்டு வகை உண்டு. உங்கள் துப்பாக்கியில் நீளம் குறைந்தது, வாங்கிய முன்பிடி நீளமானதுக்கு. சேர்க்கும் அடாப்டர் கிடைக்கிறது, அல்லது நீளமான ஆக்‌ஷன் பார் தொகுப்பையே மாற்றலாம். இனி வாங்குபவர்கள் முதலில் கழற்றி அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். 870 போல இது முன்னால் உருவி வராது: ட்ரிக்கர் தொகுப்பை எடுத்து, போல்ட் ஸ்லைடையும் போல்ட்டையும் எடுத்த பிறகுதான் முன்பிடி வரும். ட்ரிக்கர் தொகுப்பு வெளியே வந்ததும் பக்கச் சுவர்களில் இருக்கும் இரண்டு தகடுகள் தானாக விழும். உடைந்துவிட்டது என்று பதறாதீர்கள், அவை அப்படித்தான்.

சுட்டால் விளக்கு கண்சிமிட்டுகிறது. பேட்டரி புதுசுதான்.

12 கேஜ் உதையும்போது பேட்டரி தன் கனத்தால் ஸ்பிரிங்கை நசுக்கி ஒரு கணம் தொடர்பை விடுகிறது. ஒரு முனையில் மட்டும் மெல்லிய ஸ்பிரிங் வைத்த மலிவு விளக்குகளில் இது சகஜம், சரிசெய்ய வழியில்லை. நல்ல விளக்கில் வந்தால், பேட்டரி மூடி கடைசிவரை இறுகியிருக்கிறதா, முனைகள் சுத்தமா என்று பாருங்கள். மவுண்ட் திருகுகளின் எண்ணெயைத் துடைத்துவிட்டு நீல லாக்டைட் (திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு வையுங்கள். ஒரு நாள் காயவிட்டு, திருகுத் தலையில் பெயிண்ட் பேனாவால் கோடு போட்டால், அடுத்த முறை திருகு நகர்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வையில் தெரியும். சிவப்பு லாக்டைட் வேண்டாம். சூடு காட்டாமல் கழற்ற முடியாது, பிளாஸ்டிக் முன்பிடி பக்கத்தில் சூடு காட்டவும் முடியாது.

விளக்கில் போடும் சிஆர்123ஏ லித்தியம் பேட்டரி விலை அதிகம். ரீசார்ஜ் பேட்டரி போடலாமா?

தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டும். சிஆர்123ஏ 3 வோல்ட். அதே அளவு ரீசார்ஜ் லித்தியம்-அயன் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், இரண்டு சேர்ந்தால் 6-க்குப் பதில் 8.4. சர்க்யூட் புகையும். சிஆர்123ஏ அலமாரியில் பத்து வருடம் தாங்கும், ஆகவே மொத்தமாக வாங்கினால் செலவு குறையும். பழையதையும் புதியதையும் ஒரே விளக்கில் கலக்காதீர்கள். பெட்டகத்தில் ஸ்விட்ச் எதிலும் அழுந்தாதபடி வையுங்கள். அழுந்தினால் பேட்டரி காலி, ஃபோம் உறையில் கண்ணாடி புதைந்திருந்தால் ஃபோமும் கருகும்.

இரவில் சத்தம் கேட்டால் இந்த விளக்கை வைத்தே வீட்டைச் சுற்றிப் பார்க்கலாமா?

கூடாது. விளக்கு எங்கே பார்க்கிறதோ, அங்கே துப்பாக்கியும் பார்க்கிறது. தண்ணீர் குடிக்க எழுந்த மகனாக இருக்கலாம். தேடுவதற்குத் தனியாகக் கை டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி கையில் இருந்தே ஆக வேண்டிய நிலையில், முனையைத் தரைக்குச் சாய்த்து விளக்கைப் போடுங்கள். தரையில் பட்டுச் சிதறும் ஒளியே அறையைக் காட்டிவிடும். விரல் ட்ரிக்கருக்கு வெளியே. ஸ்விட்ச்சை அழுத்தும் கை வேறு, ட்ரிக்கர் கை வேறு என்று இருப்பது முன்பிடி விளக்கின் பெரிய நன்மை.

நான் எச்-1பி. ஷாட்கன் வாங்கியபின் விளக்கு போடலாம் என்றிருக்கிறேன்.

விளக்கை விடுங்கள், முதலில் துப்பாக்கி. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. முக்கியமான விலக்கு, அமெரிக்க மாநிலம் ஒன்று தந்த, காலாவதியாகாத வேட்டை உரிமம். உரிமம் முடிந்த மறுநாள் விலக்கும் போய்விடும். க்ரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டம் தனி, வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கடைக்குப் போங்கள். அதே துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போவதென்றால் விளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள். இரவில் விளக்கடித்து மான் சுடுவது பெரும்பாலான மாநிலங்களில் குற்றம்.

நாலு பெட்டி சுட்டதில் விளக்கின் கண்ணாடி கறுத்துவிட்டது.

வெடிமருந்துப் புகைக்கரிதான். சுடப் போகுமுன் கண்ணாடியில் லிப் பாம் மெல்லிசாகத் தடவுங்கள், கரி அதன்மேல் படியும், பிறகு துணியால் வழித்தால் போகும். ஏற்கெனவே படிந்ததை நனைத்த பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேயுங்கள். அது கண்ணாடியாக இருந்தால் மட்டும். பிளாஸ்டிக் என்றால் சோப்புத் தண்ணீரும் மென்துணியும்தான், தேய்த்தால் கோடு விழும்.